நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே

போன மாதம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு காதல் நாவலைத் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. நூறு பக்கம் வரை படித்தாளாம். "இதுல ஒண்ணுமே நடக்கலையேடி" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த நூறு பக்கத்துக்குள் என்னைப் பொறுத்தவரை ஏகப்பட்டது நடந்துவிட்டது. அதில் வரும் ஆள், கதாநாயகி அறைக்குள் நுழைந்தால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வான். ஒவ்வொரு முறையும் இப்படியே. தன்னை அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவே கட்டிவிடுகிறாள். அப்புறம் அறுபதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் அவள் வருகிறாள், அவன் எழுந்திருக்கவில்லை. காதெல்லாம் சூடாகி, முன்னால் இருக்கும் தாளில் ஒரு எழுத்துகூட மண்டையில் ஏறாமல், ஆனால் உட்கார்ந்தே இருக்கிறான். அத்தியாயம் அவ்வளவுதான். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோழியின் ரசனையில் தப்பு இல்லை. அவளுக்கு வேகம் வேண்டும், எனக்கு வேண்டாம். ஆனால் "ஒண்ணுமே நடக்கல" என்ற அந்த வார்த்தை உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எனக்கு இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன என்று உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

இப்படி மெதுவாக நகரும் காதல் கதைகளுக்கு இப்போது எல்லோரும் சொல்லும் பெயர் 'ஸ்லோ பர்ன்', அதாவது மெதுவாக எரிவது. அந்தப் பெயர் முதலில் காதலுக்கு வந்ததே இல்லை, கோபத்துக்கு வந்தது. ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவைப் படங்களில் எட்கர் கென்னடி என்று ஒரு நடிகர் இருந்தார், எரிச்சலை ஒரேயடியாகக் காட்டாமல் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது அவருடைய தனித்திறமை, அதைத்தான் அப்படிச் சொன்னார்கள். காதலுக்கும் அந்தப் பெயர் பொருந்திவிட்டது. ஆனால் எனக்கு நம்முடைய 'நீறு பூத்த நெருப்பு' இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. மேலே சாம்பல் மட்டும்தான் தெரியும், ஊதிப் பார்த்தால்தான் உள்ளே கனன்றுகொண்டிருப்பது தெரியும். கூச்ச சுபாவம் உள்ளவர்களின் காதலுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

சரி, ஏன் பிடிக்கிறது? இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனது ஒரே ஒரு சம்பவத்தில்தான் போய் நிற்கிறது, அதில் காதலும் இல்லை கதையும் இல்லை.

பல வருடங்களுக்கு முன்னால், படிப்பு முடித்த புதிது, பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஏதோ ஒரு முடிவு எடுக்க வேண்டிய கூட்டம். என்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி, திருத்தி, மறுபடி கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். வாயைத் திறந்தேன், அதே நேரம் இன்னொருவர் பேச ஆரம்பித்தார், மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்றாவது முறை தொண்டையைக்கூடச் செருமிவிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. சரி விடு, இதைச் சொல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று நான் கைவிட்ட நேரத்தில், எதிர்வரிசையில் இருந்த ஒருவர், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவர், பேச்சு சற்று ஓய்ந்த இடைவெளியில் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே" என்றார்.

சொன்னேன். குரல் நடுங்கியது. மொத்தம் அரை நிமிடம் பேசியிருப்பேன், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவரும் நானும் அதன்பின் நண்பர்களாகவில்லை, வேறெதுவும் ஆகவில்லை, அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அவரைப் பார்த்திருந்தால் அதிகம். முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் நான் மூன்று முறை வாயைத் திறந்து மூடியதை ஒருவர் பார்த்திருக்கிறார், பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இடம் கிடைத்ததும் அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு என்னவோ செய்கிறது.

இந்த நாவல்களில் நான் தேடிப் போவது இதைத்தான். கூச்சப்படுகிற ஒருவருக்குள் இருக்கும் ஏக்கம் முத்தத்துக்கான ஏக்கமாக ஆரம்பிப்பதில்லை. என் மௌனத்தை யாராவது ஒருவர் சரியாகப் படித்துவிட மாட்டார்களா என்றுதான் ஆரம்பிக்கிறது. திமிர் என்று படிக்காமல், அக்கறை இல்லை என்று படிக்காமல், மண்டு என்று படிக்காமல். முந்நூறு பக்கம் ஒருவர் இன்னொருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கக் கற்றுக்கொள்கிறார், அந்தப் பாடம் முழுவதும் நாமும் கூடவே இருக்கிறோம்.

கூச்சம் என்றால் என்ன என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது, கதை எழுதுகிறவர்களுக்கும் இருக்கிறது. தனியாக இருப்பதை விரும்புகிறவர் வேறு, கூச்சப்படுகிறவர் வேறு. முன்னவருக்குக் கூட்டம் தேவையில்லை, ஒரு புத்தகமும் ஒரு மூலையும் கிடைத்தால் நிம்மதி. கூச்சப்படுகிறவருக்கு மனிதர்கள் வேண்டும், பேச ஆசை, பழக ஆசை, வாசல் வரை வந்துவிட்டுக் கதவைத் தட்ட முடியாமல் நிற்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும், ஆனால் ஒன்று விருப்பம், இன்னொன்று பயம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சிம்பார்டோ என்ற உளவியலாளர் 1970களில் இதைப் பற்றி ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டார், ஏறக்குறைய 40 சதவீதம் பேர் தாங்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்றே சொன்னார்கள். பத்தில் நாலு பேர்! ஒரு அறையில் பத்து பேர் இருந்தால் நாலு பேர் உள்ளுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தான் ஒருத்தர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல்முறை அந்த எண்ணிக்கையைப் படித்தபோது அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

மோசமாக எழுதப்பட்ட கூச்சக்காரப் பாத்திரம் வெறுமனே பேசாமல் இருக்கும். அமைதியான பெண், அடக்கமான பையன், முடிந்தது. நல்ல எழுத்தாளருக்கு அந்த அமைதிக்குள் எவ்வளவு சத்தம் என்று தெரியும். ஒரு சாதாரண வணக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் எத்தனை ஒத்திகை, சொன்ன பிறகு அன்றைய ராத்திரி முழுவதும் எத்தனை மறுஒளிபரப்பு. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டதற்கு "ஆமா, நன்றி, நீங்களும்" என்று உளறிவிட்டு, அந்த 'நீங்களும்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்து இரண்டு பக்கத்துக்கு ஒரு பாத்திரம் தன்னைத்தானே வறுத்தெடுப்பதைப் படித்தால், கதையில் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றாது. புயலே அடித்து ஓய்ந்திருக்கிறது.

முகம் சிவப்பதைப் பற்றிச் சார்லஸ் டார்வின் ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறார், 1872இல் வெளியான, மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்பதைப் பற்றிய புத்தகத்தில். எல்லா வெளிப்பாடுகளிலும் இதுதான் மனிதருக்கே உரியது என்பது அவர் கருத்து. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விஷயம். சிரிப்பை வரவழைக்கலாம், அழுகையைக்கூட வரவழைக்கலாம், முகச்சிவப்பை நம் இஷ்டத்துக்கு வரவழைக்க முடியாது. அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகும், ஏனென்றால் அடக்கும் முயற்சியே கவனத்தை நம் மேல் திருப்பிவிடுகிறது. அதாவது அது நடிக்க முடியாத சாட்சி. இந்த நாவல்களில் காது மடல் சூடாவதற்கும் கை நடுங்கி ஒரு பொருள் கீழே விழுவதற்கும் ஏன் இவ்வளவு மதிப்பு என்றால் அதனால்தான். பேச்சில் பொய் சொல்லலாம். இதில் முடியாது.

ஆனால் எல்லா நிறத்துத் தோலிலும் சிவப்பு தெரிந்துவிடாது. தமிழில் எழுதும்போது "அவள் கன்னம் சிவந்தது" என்று அனிச்சையாக எழுதிவிட்டுப் போகிறார்கள், அது எங்கிருந்தோ இரவல் வாங்கிய வரி மாதிரியே எனக்குப் படும். நம்மிடம் இதைவிட நுட்பமான ஒரு வழி ரொம்ப நாளாக இருக்கிறது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்று ஒரு அதிகாரம், 110ஆவது. நான் பார்க்கும்போது அவள் தரையைப் பார்க்கிறாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொள்கிறாள் என்று அதில் ஒருவன் சொல்கிறான். நிறம் எதுவும் இல்லை. பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும்தான். அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள், பார்க்காதபோது அவள் சிரித்தாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், பார்க்காத மாதிரி. ஒன்றே முக்கால் அடிக்குள் இரண்டு கூச்சக்காரர்கள். அந்த அதிகாரத்தின் பெயரே இந்த வகை நாவல்கள் எல்லாவற்றுக்கும் பொதுத் தலைப்பாக வைக்கத் தகுந்தது, குறிப்பறிதல்.

அடுத்து, பக்கவாட்டில் பேசுவது. இதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

கூச்சப்படுகிறவர்கள் நேராகப் பேச மாட்டார்கள். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவர் காதில் விழும்படி, வேறு யாரிடமோ சொல்வார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்' நாவலில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. ஆன் எலியட்டுக்கு 27 வயது, எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அவள் தன் காதலன் வென்ட்வொர்த்தை வேண்டாம் என்று சொல்லி, மற்றவர்கள் பேச்சைக் கேட்டு. அவள் கூச்சக்காரி என்பதைவிட, சொன்னால் கேட்க வீட்டில் ஆளே இல்லாமல் அடங்கிப்போனவள் என்பதுதான் சரி. இப்போது இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவன் மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான். அவள் ஜன்னலருகே அவனுடைய நண்பரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், காதலில் யார் அதிக நாள் மனது மாறாமல் இருப்பார்கள், ஆண்களா பெண்களா என்று. பொதுப் பேச்சுதான். ஆனால் அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அந்த மேஜை வரை போகிறது. அவன் பேனா கீழே விழுகிறது. பதிலை அவனும் வாயால் சொல்வதில்லை, அங்கேயே, அவள் பேசப் பேசவே, அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, மறந்துவிட்டுப் போன கையுறையை எடுக்க வந்த சாக்கில் அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான்.

இந்தக் காட்சி முதலில் அந்த நாவலில் கிடையாது. 1816 ஜூலையில் ஆஸ்டின் வேறு ஒரு முடிவை எழுதி முடித்திருந்தார், அதில் ஒரு மூன்றாம் மனிதர் கேட்டு வரச் சொன்ன கேள்வியை அவன் அவளிடம் கேட்கப்போய், இருவரும் தனியாக ஒரு அறையில் மாட்டிக்கொண்டு, விஷயம் தெளிந்து சேர்ந்துவிடுகிறார்கள். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. சில வாரங்களுக்குள் அதைத் தூக்கிவிட்டு இந்த ஜன்னலையும் மேஜையையும் கடிதத்தையும் எழுதினார். அடுத்த வருடம் ஜூலையில் இறந்துவிட்டார், புத்தகம் 1817 டிசம்பரில்தான் வந்தது. நீக்கிய பக்கங்களின் கையெழுத்துப் பிரதி இன்னும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. உடம்பு முடியாத நிலையிலும் அவர் அதை மாற்றினார் என்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவு நன்றியாக இருக்கிறது. முதல் முடிவில் சந்தர்ப்பம் அவர்களைச் சேர்த்துவைக்கிறது. இரண்டாவதில் அவள் பேசுகிறாள், அவன் கேட்கிறான். எட்டு வருடமாக யாரும் காது கொடுக்காத ஒருத்தியின் பேச்சை அறையின் மறுபக்கத்திலிருந்து ஒருவன் கேட்கிறான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு திருத்தத்தை மட்டும் என் தோழிக்கு உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று பளிச்சென்று ஞாபகம் வந்தது. சங்க அகப்பாடல்களின் கீழே யார் யாரிடம் எப்போது சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும் இல்லையா, அதில் அடிக்கடி வருவது, தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது. சிறைப்புறம் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு வெளிப்புறம். அவன் அங்கே மறைந்து நிற்கிறான், அது இவர்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே, அவனிடம் பேசாமல், ஒருவரோடு ஒருவர் பேசுகிற மாதிரி அவனுக்குச் சேர வேண்டியதைச் சொல்கிறார்கள். குறுந்தொகையைப் புரட்டினால் இப்படி ஒன்று இரண்டில்லை, எத்தனையோ. ஆஸ்டினின் ஜன்னலும் இந்த வேலியும் ஒன்றுதான். நேரே முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்லிவிட மனிதர்கள் எங்கேயும் எப்போதும் ஒரே தந்திரத்தைத்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல். இன்றைய நாவல்களில் வேலிக்குப் பதில் ஒரு குழுவுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி இருக்கும், ஒருவர் மட்டும் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. கூடவே ஒரு தோழியும் இருப்பாள், இரண்டு பக்கமும் தெரிந்தவள், பேசத் தெரிந்தவள். அவள் இல்லாவிட்டால் பாதிக் கதைகள் இருபதாம் பக்கத்திலேயே நின்றுபோயிருக்கும்.

மெதுவாகப் போவது என்பதற்கும் இழுத்தடிப்பது என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே ஒரு போன் பேசினால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் ஓட்டுகிற நாவலை நான் பாதியில் மூடிவைத்துவிடுவேன். அதில் மெதுவாக எதுவும் நகர்வதில்லை, எல்லாம் நின்றுபோயிருக்கிறது. நல்ல ஸ்லோ பர்ன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு விரற்கடையாவது நகரும். முதலில் அவள் வரும்போது எழுந்து போகாமல் இருப்பான். பிறகு அவள் பக்கம் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவான். பிறகு அவள் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அடுத்த நாள் ஞாபகமாகக் கேட்பான். ஒருமுறை அடைந்த இடத்திலிருந்து கதை பின்னால் போகாது, போனால் அதற்கு வலிக்கும்படியான காரணம் இருக்கும். எழுதுகிறவர் ஒன்றில் ரொம்பச் சிக்கனமாக இருக்க வேண்டும்: தொடுகையை முன்கூட்டியே செலவழித்துவிடக் கூடாது. இரண்டாம் அத்தியாயத்தில் முத்தம் வந்துவிட்ட கதையில் இருபதாம் அத்தியாயத்தில் விரல்நுனி பட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதுவரை யாரும் யாரையும் தொடாத கதையில், ஒரு பேனாவைக் கைமாற்றும்போது விரல்நுனி பட்டால் எனக்கு மூச்சே நின்றுவிடும்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே பிடித்துப்போவதும் உண்மையில் நடப்பதுதான். 1968இல் ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார், அர்த்தமே தெரியாத சொற்களைக்கூட அடிக்கடி பார்த்தவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு நல்லெண்ணம் வந்துவிடுகிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் ஒரே வழி. முதல் சந்திப்பில் யாரையும் கவர அவர்களால் முடியாது. முப்பதாவது சந்திப்பில்தான் அவர்கள் தங்களைப் போலவே இருப்பார்கள். இந்த நாவல்கள் அந்த முப்பது சந்திப்புகளையும் பொறுமையாக நடக்கவிடுகின்றன, அவர்களுக்கு நியாயம் செய்யும் ஒரே கதைவடிவம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

கூச்சப்படுகிற ஆண் பாத்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாணம் என்றால் பெண்ணுக்கு உரியது என்று தொல்காப்பியத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம், அச்சம், நாணம், மடம் என்று பட்டியலே போட்டு. பெண் தலை குனிந்தால் அழகு, ஆண் தலை குனிந்தால் கோழைத்தனம். ஆனால் அதே திருக்குறளில், 114ஆவது அதிகாரத்தில், ஒரு ஆண் சொல்கிறான், நாணமும் நல்ல ஆண்மையும் முன்பு என்னிடம் இருந்தன என்று. இப்போது காதலில் அவை போய்விட்டன, பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறியக் காதலைச் சொல்லும், மடலேறும் நிலைக்கு வந்துவிட்டேன் என்பதுதான் அவன் புலம்பல். போனது போகட்டும், அவனிடம் நாணம் இருந்திருக்கிறது, அதைத் தன் ஆண்மைக்குப் பக்கத்திலேயே வைத்து, இழந்ததற்காக வருந்துகிறான். அந்தக் குறளைக் கண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கூச்சப்படுகிற நாயகன் துரத்திக்கொண்டு வர மாட்டான். வழிமறிக்க மாட்டான். வேண்டாம் என்று சொன்னதை வேண்டும் என்று திருத்திப் படிக்க மாட்டான். அவள் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் வந்தாலும் நிறுத்திவிடுவான், சில சமயம் தேவைக்கு மேலேயே நிறுத்திவிட்டு நம்மைத் தவிக்கவிடுவான். கேட்பதற்கே அவனுக்கு அவ்வளவு தைரியம் தேவைப்படுவதால் அவள் சொல்லும் பதில் அவனுக்கு உயிர்போகும் விஷயம், அதனால் பதிலை உண்மையாகவே கேட்கிறான். துரத்தல் காதலாகச் சொல்லப்பட்ட கதைகளிலேயே வளர்ந்த எனக்கு, பாதுகாப்பாக உணர்ந்துகொண்டே ஒரு காதல் கதையைப் படிக்க முடியும் என்பதே புதுசாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். கூச்சத்தை ஒரு நோய் மாதிரி வைத்து, காதல் வந்ததும் அது குணமாகிவிடுகிற கதைகள். கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் நூறு பேர் முன்னால் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்துக் காதலைச் சொல்லவைப்பார்கள். அதுவரை அவளை நேசித்தவர் அவளுடைய எந்த அமைதியை நேசித்தாரோ, அதைப் பறித்துவிட்டு வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் நடுங்கிக்கொண்டே ஒரே ஒருவரிடம், காதில் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் சொன்னால் போதும். எனக்கு அதுதான் மேடை. கூச்சம் கடைசிப் பக்கத்திலும் இருக்கட்டும், அந்த ஒருவரிடம் மட்டும் கொஞ்சம் தளரட்டும்.

முடிவு முன்னாலேயே தெரிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன சுவாரசியம் என்றும் கேட்கிறார்கள். காதல் நாவல் என்றால் காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் ஒரு வரையறையே வைத்திருந்தது. ஆமாம், இருவரும் சேர்வார்கள். அது தெரிவதால்தான் என்னால் படிக்கவே முடிகிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு வாழ்க்கை முழுக்க எதிராளி என்ன நினைப்பாரோ என்ற நிச்சயமின்மைதான் வாட்டுகிறது, இங்கே அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை முன்னாலேயே கையில் இருக்கிறது. அதனால் பயமில்லாமல் அந்தத் தவிப்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அவன் அனுப்பாமல் அழித்த ஏழு குறுஞ்செய்திகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கலாம். மனது சரியில்லாத வாரங்களில் ஏற்கெனவே நாலு முறை படித்த நாவலை ஐந்தாவது முறை எடுப்பதும் இதனால்தான்.

ஒரே குறை, நிறைய நாவல்கள் மனதைத் திறந்து பேசிய அடுத்த பக்கத்திலேயே முடிந்துபோகின்றன. முந்நூறு பக்கம் காத்திருந்த எனக்கு அதன்பின் ஒரு நாற்பது பக்கமாவது வேண்டும். பேச ஆரம்பித்த பிறகு அவர்கள் எதைப் பேசுவார்கள்? அந்த ஜன்னலுக்கு ஏன் போனாய் என்று அவள் கேட்க வேண்டாமா? அவன் சொல்வதைக் கேட்டு அவள் சிரிக்க வேண்டாமா?

தமிழில் எழுதுகிறவர்களிடம் இந்த வகைக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அது ஆங்கிலத்துக்குக் கிடையாது. நீங்கள் என்பது நீ ஆகிற இடம். ஜப்பானிய நாவல்களில் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அதற்கே ஒரு அத்தியாயம் ஒதுக்குவார்கள். நமக்கு ஒரு விகுதி போதும். 'வந்தீங்களா' என்பது 'வந்தியா' என்று ஆகிவிட்டால் அறையில் காற்றே மாறிவிடும். வாய்தவறி வந்த 'நீ'யைத் திருப்பி எடுத்துக்கொண்டு "மன்னிச்சிடுங்க" என்று ஒருவன் பதறுவதும், "பரவாயில்ல, அப்படியே கூப்பிடுங்க" என்று அவள் 'நீங்க'வில் நின்றுகொண்டே அனுமதி கொடுப்பதும், அப்புறம் அவள் தன் பங்குக்கு அதைத் தாண்ட இன்னும் ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்வதும். இதைவிட நிறைய நடக்கும் ஒரு கதையை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

தோழிக்கு வேறு ஒரு நாவல் எடுத்து வைத்திருக்கிறேன், முதல் பக்கத்திலேயே கொலை நடக்கும் ஒன்று, அவளுக்குப் பிடிக்கும். நான் ராத்திரி படித்துக்கொண்டிருக்கும் நாவலில் 143ஆம் பக்கத்தில் இருக்கிறேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டாள். அவன் இன்னும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் போகக் கிளம்பியவன் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான்.